எலிக்குள் போனது எந்தக் கஷாயம்?

2017 அக்டோபரில் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. பேருந்து நிலையம், பள்ளி வாசல், கட்சி அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அதே நாட்களில் வாட்ஸ்அப்பில் இன்னொன்று பரவியது: “இதைக் குடித்தால் ஆண்களுக்குக் குழந்தை பிறக்காது, எலியில் நிரூபித்துவிட்டார்கள்.” ஆராய்ச்சி முடிவு தெரியும்வரை தன் இயக்கத்தார் நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் ட்விட்டரில் கேட்டுக்கொண்டதும் விவகாரம் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்துவிட்டது. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? “எலியில் சோதித்தாயிற்று, பாதுகாப்பானது என்று வந்துவிட்டது” என்று அவர்களும் எலியையே சாட்சிக்கு அழைத்தார்கள்.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. கெடுதல் என்று சொன்ன எலி ஆய்வும் உண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன எலி ஆய்வும் உண்டு. எலிக்கு என்ன கொடுத்தார்கள், எவ்வளவு நாள் கொடுத்தார்கள், பிறகு அதன் உடம்பில் எந்த இடத்தைப் பார்த்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூலிகைக் கஷாயம் எதுவானாலும், ‘விலங்கில் சோதிக்கப்பட்டது’ என்ற சொற்றொடருக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் பொருள் கிடையாது.

வதந்திக்கு அடியில் இருந்த ஆய்விலிருந்தே தொடங்கலாம். 1990இல் திருச்சியைச் சேர்ந்த எம்.ஏ. அக்பர்ஷாவும் அவருடைய குழுவினரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண் வெள்ளை எலிகளுக்கு நிலவேம்பின் உலர்ந்த இலைப்பொடியை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாள் வாய்வழியே கொடுத்ததில் விந்தணு உற்பத்தி நின்றுபோனது. விதைப்பையின் நுண்குழல்கள் சிதைந்திருந்தன. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் சுருங்கியிருந்தன. ஆக, வாட்ஸ்அப் செய்தி வெறுங்காற்றில் பிறந்ததல்ல.

இதற்கு வழக்கமாக வரும் சமாதானம், “எலிக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் எதுவும்தான் விஷம்” என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வில் அது செல்லாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு எலி 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் 20 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 100 மில்லிகிராம். அதை அப்படியே மனிதனுடைய எடையால் பெருக்கக் கூடாது. சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துத் தள்ளிவிடும் என்பதால், எலியின் அளவை 6.2ஆல் வகுத்து மனித அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005இல் வெளியிட்ட வழிகாட்டி. சுண்டெலியாக இருந்தால் 12.3ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் 60 கிலோ மனிதருக்குச் சுமார் 1 கிராம் இலைப்பொடி என்று வருகிறது.

இப்போது குடிநீர்ப் பக்கம் பாருங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கும் சம அளவு. ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம் போட்டு நாலொன்றாகக் காய்ச்சினால் அதில் நிலவேம்பு அரைக் கிராமுக்குச் சற்று மேல். இரண்டு வேளை குடித்தால் சுமார் 1 கிராம். திருச்சி எலிகள் தின்றதும் நாம் குடிப்பதும், அளவு என்று பார்த்தால், பக்கத்துப் பக்கத்து வீடு. ‘அளவு மீறல்’ என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. நிலவேம்பை ஆதரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் அவர்களுக்குச் சாதகமான உண்மையான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதல் காரணம், அதே கேள்வியோடு போன மற்ற ஆய்வுகள். 1997இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள், நிலவேம்பின் உலர்த்திய சாரத்தை ஆண் எலிகளுக்குக் கிலோவுக்கு 20, 200, 1000 மில்லிகிராம் என மூன்று அளவுகளில், அதே 60 நாள் கொடுத்தார்கள். விதைப்பையின் எடை, திசு, லேடிக் செல், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்த்தும் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. 1000 மில்லிகிராம் என்பது மேற்சொன்ன கணக்கில் மனிதருக்கு ஏறத்தாழ 10 கிராம் சாரம். யாரும் குடிக்க முடியாத அளவு அது. பிறகு 2000இல் அக்பர்ஷா தரப்பு நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு என்ற பொருளை மட்டும் பிரித்தெடுத்து, கிலோவுக்கு 25, 50 மில்லிகிராம் என 48 நாள் கொடுத்தது. விந்தணு எண்ணிக்கை குறைந்தது, அணுக்கள் நகரவில்லை, உருக்குலைந்தவையும் இருந்தன. 2010இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே பொருளை அதே 50 மில்லிகிராம் அளவில் சுண்டெலிகளுக்கு 8 வாரம் வரை கொடுத்தபோது விந்தணுவின் வடிவமும் ஓட்டமும் கெடவில்லை. போதாக்குறைக்கு, நான்காம் வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்தது, ஆண் சுண்டெலிகள் முன்னைவிடச் சுறுசுறுப்பாகப் பெண் எலிகளை நாடின. வாட்ஸ்அப்காரர்களுக்கு இந்தக் கட்டுரை முதலில் கிடைத்திருந்தால் அண்டா முன்னால் வரிசை நீண்டிருக்கும்.

ஒரே செடி, பதில் மட்டும் ஏன் இப்படி மாறி மாறி வருகிறது? எலிக்குள் போனது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இலைப்பொடி என்றால் இலையில் உள்ள அத்தனையும், நார் உட்பட, வயிற்றுக்குள் போகிறது. சாரம் என்றால் ஆல்கஹாலிலோ நீரிலோ ஊறவைத்துச் சுண்டியது. எந்தக் கரைப்பானில் ஊறியதோ அதில் கரைவது மட்டும் செறிந்து வரும். தனிப்பொருள் என்றால் ஒரே ஒரு மூலக்கூறு. இந்த ஆய்வுகளில் வராமல் போனது, நாம் உண்மையில் குடிக்கும் ஐட்டம்: ஒன்பது சரக்கைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயம். ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். கொதிநீரில் ஓரளவுதான் இறங்கும், மீதி திப்பியோடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே ‘1 கிராம் நிலவேம்பு’ என்பது பொடியாக விழுங்கும்போது ஒரு பொருள், கஷாயமாகக் குடிக்கும்போது இன்னொரு பொருள். எலியின் இனமும் வேறு, செடி விளைந்த மண்ணும் அறுத்த பருவமும் வேறு. மூலிகையில் கசப்பின் அளவு இவற்றால் நிறையவே மாறும்.

கஷாயத்துக்கும் சாரத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்குத் தெளிவான சான்று பச்சைத் தேயிலை. அதில் உள்ள கேட்டச்சின் என்ற பொருள்கள் செறிந்த சாரத்தை நாய்களுக்கு நீண்ட நாள் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. வெறும் வயிற்றில் கொடுத்த நாய்களுக்குக் கல்லீரல் உள்ளிட்ட உறுப்புகள் கடுமையாகக் கெட்டு, பல செத்துப்போக, ஒன்பது மாதத்துக்குத் திட்டமிட்ட ஆய்வை ஆறரை மாதத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. சாப்பாட்டோடு கொடுத்தபோது பாதிப்பு குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதையெல்லாம் ஆராய்ந்து, கேட்டச்சின்களில் முக்கியமான இ.ஜி.சி.ஜி. எனும் பொருளை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன, வழக்கமாக நாம் கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்று பிரித்துச் சொன்னது. இலை ஒன்றுதான். ஆனால் கோப்பையில் இருப்பதும் குப்பியில் இருப்பதும் வேறு வேறு. வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்பதுகூட உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது. எலிகளை முன்னிரவே பட்டினி போட்டுவிட்டுக் கஷாயம் புகட்டுவது பல ஆய்வகங்களில் வழக்கம் என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

புகட்டும் முறையிலும் பல நுணுக்கங்கள் உண்டு. கஷாயத்தைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக் கூண்டில் மாட்டிவிட்டால் எலி தானே குடித்துக்கொள்ளும் என்பது எளிய வழி. எலி ஒரு நாளில் தன் எடையில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும். ஆனால் நிலவேம்பு போன்ற கசப்பை வைத்தால் அது புட்டிப் பக்கமே போகாது. போகாமல் தாகத்தில் வாடி எடை குறைந்தால், “கஷாயம் எடையைக் குறைக்கிறது” என்று முடிவு எழுதிவிடலாம்! அதனால்தான் நுனி உருண்ட வளைந்த ஊசிக்குழலை வாய்வழியே இறக்கி நேராக இரைப்பையில் விடுகிறார்கள். அளவு துல்லியமாகப் போகும். ஆனால் மொத்தமும் ஒரே நொடியில் போகும். நாம் ஊதி ஊதிக் குடிப்பதுபோல் இல்லை. தினமும் பிடித்துக் குழல் இறக்குவதே எலிக்குப் பெரும் பதற்றம். பதற்றமே ஹார்மோன்களைக் குலைக்கும் என்பதால், வெறும் தண்ணீரை அதே குழலில் பெறும் ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கஷாய ஆய்வை நான் பக்கம் புரட்டிவிட்டுப் போய்விடுவேன்.

எலியின் உடம்பும் நம் உடம்பல்ல. எலியால் வாந்தி எடுக்க முடியாது. கஷாயம் குடித்தவர்கள் முதலில் சொல்லும் தொந்தரவு குமட்டலும் வாந்தியும். அது எலி ஆய்வில் எந்த அட்டவணையிலும் வராது. எலிக்குப் பித்தப்பை கிடையாது (சுண்டெலிக்கு உண்டு). பித்தத்தைத் தூண்டும் கசப்பு மருந்துகளை அதில் சோதித்துவிட்டு மனிதனுக்குச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வைட்டமின் சி-யை எலி தானே தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது. ‘எலியில் ஆன்ட்டி-ஆக்சிடன்ட் சக்தி நிரூபணம்’ என்று நெல்லிக்காய் டீ விளம்பரத்தில் வரும் வரியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி மறுதரப்பின் எலிக்கு வருவோம். ‘கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்தும் எலி சாகவில்லை, எனவே பாதுகாப்பானது.’ மூலிகைப் பொருட்களின் விளம்பரத்திலும், சில நேரம் அரசு விளக்கங்களிலும் பார்க்கும் வாக்கியம் இது. இது பெரும்பாலும், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நச்சுச் சோதனைகளுக்கு வகுத்த வழிகாட்டிகளில் 423ஆவதிலிருந்து வருகிறது. அந்தச் சோதனையில் ஒரு கட்டத்துக்கு மூன்று எலிகள். ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். செத்ததா, நடுங்கியதா, எடை குறைந்ததா என்பதே முதன்மைக் கேள்வி. உடனடி நச்சைக் கண்டுபிடிக்க உருவான சோதனை அது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கவனிக்க வேண்டியது, அதில் வழக்கமாகப் பயன்படுத்துவது பெண் எலிகளை. ஆணின் விந்தணு கெடுமா என்ற கேள்விக்கு, ஒரு தடவை மருந்து குடித்த மூன்று பெண் எலிகளை 14 நாள் பார்த்த சோதனையைப் பதிலாகக் காட்டினால் என்ன சொல்வது?

ஆண் எலியைப் போட்டாலும் 14 நாள் போதாது. எலியின் விதைப்பையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 53 நாள் ஆகும். மனிதனுக்குச் சுமார் 74 நாள். முதல் நாள் செய்த சேதம் கடைசியில் வெளிப்பட அவ்வளவு காலம் வேண்டும். 48 நாள், 60 நாள் என்று அந்த ஆய்வாளர்கள் அவ்வளவு நீட்டிக் கொடுத்ததன் அர்த்தம் இங்கே விளங்கும். 28 நாள் திரும்பத் திரும்பக் கொடுக்கும் 407ஆம் வழிகாட்டிகூட ஒரு சுற்றைத் தாண்டாது. 90 நாள் ஓடும் 408ஆம் வழிகாட்டிதான் தாண்டும். அதில் அளவு ஒன்றுக்குப் பத்து ஆண், பத்துப் பெண் எலிகள், விதைப்பையை நிறுத்துப் பார்த்து நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள்.

இதே கால அளவு நிலவேம்புக்குச் சாதகமாகவும் பேசுகிறது. காய்ச்சலுக்கு இந்தக் குடிநீரை ஐந்தாறு நாள் குடிப்பதுதான் வழக்கம். திருச்சி எலிகள் அவற்றின் முழு விந்துச் சுற்றும் தீர்ந்து மேலும் ஒரு வாரம் தின்றன. மனிதக் கணக்கில் அது இரண்டரை மாதத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல். ஆகவே அந்த ஆய்வை வைத்து, ஒரு வாரம் குடித்தவரைப் பயமுறுத்துவது தவறு. ‘உடம்புக்கு நல்லது’ என்று வருஷம் முழுக்கத் தினமும் நிலவேம்புப் பொடியை விழுங்குபவரை எச்சரிக்க அதைக் காட்டலாம், அதில் தவறில்லை. மனிதரில் நடந்த ஒரு சிறு ஆய்வும் இருக்கிறது: ஐரோப்பாவில் சளிக்கு விற்கும் நிலவேம்பு கலந்த கான் ஜாங் என்ற மருந்தை ஆரோக்கியமான ஆண்களுக்கு வழக்கமான அளவைவிடக் கூடுதலாகக் கொடுத்தபோது விந்துத் தரம் கெடவில்லை என்று 2005இல் வெளியிட்டார்கள். கொடுத்தது 10 நாள். 74 நாள் சுற்றுக்கு அது குறைவு என்றாலும், காய்ச்சலுக்குக் குடிப்பவர் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது.

பலன் பற்றிய சோதனைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். எலிக்குக் காய்ச்சல் வரவழைக்க ஈஸ்ட் கரைசலைத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். சுமார் 18 மணி நேரத்தில் சூடு ஏறிவிடும். வீக்கத்துக்குப் பின்னங்காலில் கடற்பாசிப் பொருளான கராஜீனனை 0.1 மில்லி ஏற்றிப் பாதம் எவ்வளவு பருக்கிறது என்று அளப்பார்கள். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தின் சுரம், வீக்கம், வலி தணிக்கும் குணங்களை விலங்குகளில் சோதித்த ஆய்வு 2011இல் வந்திருக்கிறது. ஈஸ்ட் காய்ச்சல் தணிந்தால் டெங்கு தணியும் என்று அதற்குப் பொருளல்ல. சாதாரணச் சுண்டெலிக்கு டெங்கு நோயே சரியாகப் பிடிக்காது. வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரானின் ஏற்பிகள் நீக்கப்பட்ட ஏஜி129 என்ற தனி வகைச் சுண்டெலி வேண்டும். டெல்லியில் உள்ள சர்வதேச உயிர்த்தொழில்நுட்ப மையமான ஐ.சி.ஜி.இ.பி.யின் ஆய்வாளர்கள் 2020இல் நிலவேம்புக் குடிநீர் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைத் தடுக்கிறது என்று வெளியிட்டது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில். அதிலும் கொடுத்தது எத்தனால் சாரம். மறுபடியும் அதே கேள்விதான்.

விலங்கில் பலித்து மனிதரில் நழுவியதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய கதை உண்டு: கீழாநெல்லி. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்த ஆய்வுக் காலம் அது. அந்த வைரஸின் உறவுக்கார வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்கில் கீழாநெல்லிச் சாரம் நம்பிக்கை தருகிறது என்று 1987இல் கட்டுரை வந்தது. அதில் சாரத்தை ஊசி வழியே வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். மோரில் அரைத்துக் குடிக்கும் நம் வீட்டு முறை அல்ல அது. 1988இல் லான்செட் இதழில், சென்னையில் 37 பேருக்கு 30 நாள் பொடியாகக் கொடுத்ததில் 22 பேர் இரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்று வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டே வருடத்தில் தாய்லாந்தில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாத்து ஹெபடைட்டிஸ் வைரஸில் பார்த்தவர்களும் உறுதியான பலன் காணவில்லை. செடி எந்த இனம், எங்கே பறித்தது, எதில் கரைத்தது என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது.

இதற்காக எலியை உதறிவிடவும் முடியாது. ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்துக்கொடி ஆகியவை சேர்ந்த அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் உள்ள அமிலம் எலியின் முன்வயிற்றில் புற்றை உண்டாக்குகிறது என்று 1982இல் வெளியானது. ஜெர்மனி அதற்கு முன்பே, 1981இல், அந்த மருந்துகளை விலக்கிவிட்டது. பல நாடுகள் கண்டுகொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. நச்சு என்று எலி சொன்னால் காது கொடுப்பதும், மருந்து என்று எலி சொன்னால் இரண்டு தடவை கேட்பதும்தான் நான் வைத்திருக்கும் கணக்கு.

எலிகளின் உயிரும் கணக்கில் வர வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. (முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ.) குழுவின் விதிப்படி, நிறுவன நெறிக்குழுவின் அனுமதியின்றி ஒரு சுண்டெலியைக்கூட ஆய்வுக்குத் தொடக் கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஆறே எலி, யார் எதைக் குடித்தார்கள் என்று தெரிந்தே அளவெடுத்தல், நல்ல முடிவை மட்டும் அச்சேற்றுதல் என்று நடக்கும் ஆய்வுகளில் வீணாவது பணம் மட்டுமல்ல. என்ன இனம், எத்தனை விலங்கு, எப்படிப் பிரித்தார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டும் என்று 2010இல் வந்த அரைவ் வழிகாட்டி கேட்கிறது. மூலிகை ஆய்வுகளில் அதோடு இன்னொன்றும் கேட்கலாம்: கஷாயத்தை எப்படிக் காய்ச்சினீர்கள், அதில் கசப்புப் பொருள் எத்தனை மில்லிகிராம் இறங்கியது?

நிலவேம்புக்கு அந்தச் சோதனை இப்படி இருக்கலாம். ஒன்பது சரக்கும் சேர்ந்த குடிநீரையே, நாலொன்றாக வற்றவைத்து வடிகட்டி, உறையவைத்து உலர்த்தி, கசப்பை அளந்து, ஆண் எலிகளுக்கு ஒரு கூட்டத்துக்கு 7 நாள், இன்னொரு கூட்டத்துக்கு 90 நாள் கொடுக்க வேண்டும். நிறுத்திய பின் இன்னொரு 53 நாள் காத்திருந்து, கெட்டது ஏதாவது இருந்தால் மீள்கிறதா, அந்த எலிகளுக்குக் குட்டி பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் நிறுவனம் எதுவும் இதற்குச் செலவு செய்யப் போவதில்லை. சட்டம் அட்டவணையிட்ட பழைய நூல்களில் உள்ளபடி செய்த மருந்துக்குப் புதிய பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்று மருந்து விதி 158பி சொல்லிவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமோ மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமமோதான் கையில் எடுக்க வேண்டும். கேள்வியின் பாதிக்கு எலியே வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆயிரக்கணக்கான ஆண்கள் தாமாகவே வந்து அண்டா முன்னால் நிற்கிறார்கள். ஒப்புக்கொள்பவர்களிடம் குடிப்பதற்கு முன்பு ஒரு தடவையும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் விந்துப் பரிசோதனை செய்தால் போதும். மாவட்டத் தலைநகரத்து ஆய்வகங்களிலேயே செய்யும் பரிசோதனைதான் அது.